மாண்புமிகுவின் கீழே இரண்டாயிரம் தீர்மானங்கள்

விழாவுக்குத் தலைமையேற்று, மாலைகளுக்கு மேலே முகம் மட்டும் தெரிய வீற்றிருக்கும் நகர வாசகசாலைத் தலைவர் கோட்டைச்சாமி அவர்களே! மேடையின் மூன்று வரிசைகளையும் நிரப்பி, எனக்கு நிற்க மட்டும் இடம் விட்டிருக்கும் சான்றோர் பெருமக்களே! ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சிலமலையிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கும் உழவர் பெருங்குடி மக்களே! வெள்ளைத்துரையின் பணிவான வணக்கம்.

இது சொல்லடைவு வெளியீட்டு விழா. சொல்லடைவு என்றால் என்ன? ஒரு சொல்லைச் சொன்னால், அது எந்தத் தாளின் தலைப்பில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல். பின்வரிசையில் ஒரு தம்பி, "அதுக்கா அண்ணே இம்புட்டு மாலை?" என்கிறார். தம்பி, மாலை அடைவுக்கு அல்ல, ஆட்களுக்கு.

நம் வாசகசாலை அலமாரியில் பழைய ஊராட்சித் தீர்மானங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் உறங்குகின்றன. அவற்றுக்கு அடைவு செய்ய ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு அமைத்தோம். செயலாளர் அடியேன். பதினெட்டு முறை கூடினோம். பதினெட்டு முறையும் வடை தின்றோம். தலைப்பின் முதல் சொல்லை எடுத்து அகர வரிசையில் அடுக்குவது என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். அடுக்கிப் பார்த்தால், தமிழின் அத்தனை எழுத்துகளும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. எல்லாத் தாளும் 'மா'வில் குவிந்து கிடக்கிறது! ஏன்? நம் ஊரில் எந்தத் தலைப்பு 'மாண்புமிகு' இல்லாமல் தொடங்கியிருக்கிறது? குடிநீர் வேண்டுமா, மாண்புமிகு. சாக்கடை அடைப்பா, மாண்புமிகு. வெறிநாய் பிடிக்க வேண்டுமா, அதற்கும் மாண்புமிகு தலைவர் அவர்கள் தலைமையில்! நாங்கள் வெட்கப்பட்டோமா? இல்லை. அச்சடித்து, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டோம்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன கார்த்திகை வரைக்கும்.

ஒரு புதன்கிழமை, குரங்கணிக்கு மேலே ஏலக்காய் பறிக்கும் அய்யம்மாள் வாசகசாலைக்கு வந்தார். அவர்கள் குடியிருப்பிலிருந்து ஜீப்பு ரோட்டுக்கு இறங்கும் தடத்தை, தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். சுற்றி இறங்கினால் நாலு மணி நேரம். மகள் அனுப்பிரியாவுக்கு நிறைமாதம். மனுக் கொடுத்ததில் வெள்ளிக்கிழமை தாசில்தாரிடம் விசாரணை. அது பொதுத்தடம் என்று காட்ட ஒரு பழைய தாள் வேண்டும்.

நான் என் அடைவைப் பெருமையோடு விரித்தேன். 'பா'வில் பாதை இல்லை. 'வ'வில் வழி இல்லை. 'மா'வில் மட்டும் மலை போல் தாள். அய்யம்மாள் அந்தக் குவியலைப் பார்த்தார். "அய்யா, எம் மகளுக்கு வலி கண்டுருச்சுன்னா, நீங்க புரட்டி முடிக்கிற வரைக்கும் அவ பொறுக்க மாட்டாய்யா" என்றார். நான் அடைவை மூடிவிட்டுத் தலைகுனிந்தேன். என் வாழ்நாளில் அது இரண்டாவது முறை; முதல் முறை என் கல்யாணத்தன்று.

வாசகசாலையில் கணினி பார்க்கும் ரேணுகா அன்றே உட்கார்ந்தார். அச்சுக்காகக் கணினியில் முன்பே ஏற்றியிருந்த தலைப்புகளை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் முறைவைத்து நடுவில் நிறுத்தினார். முன்னும் பின்னும் உள்ள சொற்களை இருபுறமும் விட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முறை தலைமை! இந்த மேடையில் நடக்கிற காரியமா அது? தேடுவதற்கு உதவாத சொற்களைக் காய் சலிப்பதுபோல் சலித்து ஒதுக்கினார். 'மாண்புமிகு' போயிற்று. 'அவர்கள்' போயிற்று. 'மேற்படி', 'தலைமையில்', 'தொடர்பாக' எல்லாம் போயின. நம் தலைவர் துடித்துப்போனார். மரியாதையை எடுத்துவிட்டால் தாளில் என்னம்மா மிச்சம் இருக்கும் என்று கேட்டார்.

"சோலி மிச்சம் இருக்கும்ய்யா" என்றார் ரேணுகா.

தலைவர் இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

வியாழன் மாலை 'பாதை', 'வழி', 'தடம்' என்று தேடினோம். நூறு வரி வந்தது. ஒன்றும் அந்த மலை இல்லை. மாட்டைத் தேடிப் பாருங்கள், அந்தக் காலத்தில் பொதிமாடு அதில்தான் ஏறும் என்றார் அய்யம்மாள். தேடினோம். ஒரே ஒரு வரி! நடுவில் 'பொதிமாடு'. இடப்பக்கம் 'மேல்மலைக்கு'. வலப்பக்கம் 'ஏறும் பொதுப்பாட்டையைச் செப்பனிடும் தீர்மானம்'. இத்தனை மாண்புமிகுக்களும் மறைத்து வைத்திருந்த தாளை ஒரு மாடு காட்டிக்கொடுத்தது, பெருமக்களே!

விசாரணையில் தோட்டக்காரரின் வக்கீல், அது மாட்டுக்குப் போட்ட தடம், மனிதருக்கு அல்ல என்று வாதாடினார். அய்யம்மாள் எழுந்தார். "மாட்டை ஓட்டிட்டுப் போனது எங்க அப்பன்யா. அவரு பறந்தா போனாரு?"

அன்று மாலையே பூட்டு கழன்றது. ஒன்பதாம் நாள் அனுப்பிரியாவை நாற்காலியில் வைத்து அதே தடத்தில் தூக்கி இறக்கினார்கள். ஜீப்பு வெரசாகப் போடி ஆஸ்பத்திரி சேர்ந்தது. தாயும் சுகம், பெண் குழந்தையும் சுகம்.

ஒரு சொல்லைக் கொண்டுவருபவருக்கு ஒரு தாள் கிடைக்க வேண்டும். அதற்குச் சிபாரிசு வேண்டுமா? பட்டம் வேண்டுமா? பதவி வேண்டுமா? அய்யம்மாளுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்!

இன்றைய அழைப்பிதழில் நாற்பத்தொரு பெயர்கள். வள்ளலையும் செம்மலையும் ஒதுக்கிவிட்டு வரிவரியாகத் தேடினேன். ரேணுகா இல்லை. அய்யம்மாள் இல்லை. அடைவைக் கெடுத்த என் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது! ரேணுகா செய்த இந்தப் புது அடைவின் முதல் படியை நான் பெறுவதாகவும் அச்சாகியிருக்கிறது. பெற மாட்டேன். அதோ தூணோரம் பேத்தியை மடியில் வைத்திருக்கும் அய்யம்மாள் ஆத்தா, மேலே வாங்க. ரேணுகா, உன் கையால் கொடு தாயே.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கும் மேடைக்கும் என் நன்றி. வணக்கம்.