நாலாம் மாடிக் குயில்

— அத்தான், கீழ கார் பார்க்கில முப்பது பேர் கமராவோட நிக்கினம். உண்மையா நீங்கள் அந்தப் பறவை அப்பில என்னதான் எழுதிப் போட்டனீங்கள்?

— குயில் எண்டு போட்டனான். இடம், டோர்செட் பார்க், நாலாம் மாடி, பல்கனி. நேரம், காலமை ஏழு பத்து. எண்ணிக்கை, ஒண்டு. எல்லாம் முறைப்படி போட்டனான்.

— கனடாவில, ஸ்காபரோவில குயில்.

— ஓம்.

— சித்திரை மாசம். மூலைமுடுக்குக்குள்ள இன்னும் பனி கரையேல்லை. குயில்.

— சிறீ, நான் முப்பத்தொரு வருசம் தபால் கந்தோரில இருந்தவன். ஒரு கடிதமெண்டாலும் வீடு மாறிப் போனதெண்டு கேள்விப்பட்டிருக்கிறியோ?

— கடிதம் போகேல்லை. ஆந்தை போனது. போன மாசம் கூரையில ஆந்தை இருக்குதெண்டு மூண்டு நாள் போர்வையோட காவல் இருந்தது ஆர்?

— அது ஆந்தைதான்.

— அத்தான், அது புறா கலைக்கிறதுக்கு பில்டிங் சுப்பரின்ரன்டன் றொபேட் வாங்கி வச்ச பிளாஸ்டிக் ஆந்தை.

— பிளாஸ்டிக் எண்டது பிறகு தெரியவந்த விஷயம். இனத்தை நான் சரியாத்தானே சொன்னனான்.

— அப்ப மரங்கொத்தி?

— அதை விடு.

— ஏன் விடவேணும்? றொபேட் ஆறாம் மாடியில குளியலறை ஓடு உடைச்சுக்கொண்டு நிண்டவன். நீங்கள் அதைக் கேட்டிட்டு, ‘பெரிய மரங்கொத்தி, ஆண்’ எண்டு பதிஞ்சனீங்கள்.

— ஆண் எண்டது சரிதானே.

— பகிடி விடாதேங்கோ. நான் ஏன் வேலையையும் விட்டிட்டு அஜக்ஸில இருந்து வந்தனான் எண்டு தெரியும்தானே.

— என்னைப் பெட்டி கட்டிக்கொண்டு போக.

— மயூரி போனில ஒரே அழுகை. ‘மாமா, அம்மா செத்து ஏழு மாசம். அப்பா தனிய இருந்து இல்லாத சத்தமெல்லாம் கேக்கிறார். எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ’ எண்டு. தேப்பனுக்கெண்டு பேஸ்மென்றுக்குப் பெயின்ற் எல்லாம் அடிச்சு வச்சிருக்கிறாள்.

— பேஸ்மென்றுக்குப் பல்கனி இருக்கோ?

— ஜன்னல் இருக்கு.

— ஜன்னலால என்ன தெரியும்?

— பக்கத்து வீட்டுக்காரன்ர கார் ரயர்.

— அப்ப அங்க இருந்து நான் ரயர்தான் பதியலாம். எண்ணிக்கை, நாலு.

— விசர்க்கதை கதையாதேங்கோ. பிள்ளை பயந்துபோயிருக்கிறாள். நீங்கள் போனில பதிஞ்சு அனுப்பின அந்தக் குயில் சத்தத்தைப் போட்டுப் போட்டுக் கேட்டவளாம். பஸ் சத்தம்தான் கேக்குதாம். நானும் கேட்டனான். பஸ்தான். அதுவும் பிறேக் சரியில்லாத பஸ்.

— பஸ்ஸுக்குப் பின்னால கேட்டுப் பாத்தியோ?

— பஸ்ஸுக்குப் பின்னால இன்னொரு பஸ். கோவிக்காம ஒண்டு சொல்லுங்கோ. நீங்களே விசிலடிச்சுப் பதிஞ்சனீங்களோ?

— பல்லுச் செற் போட்டவன் விசிலடிக்கிறதோ? இந்தா பார். ஃபூ. ஃபூ. ஃபூஊ.

— காணும், காணும். மூஞ்சை முழுக்கத் துப்பல்.

— இப்ப நம்பிக்கையோ? சரி, கேள். பறவைப் பதிவு சரிபாக்கிற ஆக்கள் இண்டைக்கு ஒராளை அனுப்பியினம். அந்த ஆளுக்கும் சத்தம் கேட்டால் நான் இஞ்சயே இருப்பன். கேக்கேல்லையெண்டால், ஒரு சொல்லுச் சொல்லாம உன்ர காரில ஏறுவன். எனக்கு இன்னொராள் கேட்டால் காணும். அவ்வளவுதான்.

— சத்தியமா?

— ஐயனார் சத்தியமா.

— அந்த ஆள் கெதியா வந்தால் நல்லது. உங்கட குயிலால கீழ ஊர் கூடிப் போச்சு. மூண்டாம் மாடி செரீனா வந்த சனத்துக்கு மட்டன் றோல்ஸ் குடுக்கிறா. பைப் மாதிரி நீளக் கமராவோட ஒரு வெள்ளைக்காரன் மேல பாத்துக்கொண்டு நிண்டான். ரெண்டாம் மாடியில களவாக் குடியிருக்கிற பெடியள் மூண்டு பேர், இமிக்ரேசன் வந்திட்டுதெண்டு பின்படியால ஓடிற்றாங்கள். அதில ஒருத்தன் சறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு.

— ஆரோ கதவைத் தட்டுகினம். திற.

— ஹாய், வணக்கம். பொன்னம்பலம் அங்கிள்? நான் அட்சயா. பறவைப் பதிவுக் குழுவில வொலன்டியர்.

— வாங்கோ பிள்ளை. தேத்தண்ணி குடிப்பீங்களோ?

— தாங்க்ஸ் அங்கிள், பிறகு. அக்சுவலி, முதல்ல உங்கட போனைப் பாக்கலாமா? இந்தப் பறவை அப்பின்ர செற்றிங்ஸ். ஓ. ஓகே. அங்கிள், இது இலங்கையில செற் ஆகியிருக்கு.

— நான் இலங்கைதானே.

— நீங்கள் இலங்கை, ஓகே. ஆனா பறவை கனடா. இங்க எந்தச் சத்தம் கேட்டாலும் இது இலங்கைப் பறவைகளுக்குள்ளதான் தேடும். ஸோ, இந்த வின்டர் முழுக்க நீங்கள் பதிஞ்சது எல்லாம், லைக், இதென்ன, மயிலா?

— ஆறு தரம் கேட்டது.

— அது கனடா கூஸா இருக்கும் அங்கிள். பார்க்கில நிண்டு கத்துமே, பெரிய வாத்து மாதிரி, அது.

— அப்பவும் நினைச்சனான், மயில் ஏன் இப்பிடிக் கூட்டமாப் போய் றோட்டை மறிக்குதெண்டு.

— பாத்தீங்களோ அத்தான். தங்கச்சி, உங்களுக்குக் கோடி புண்ணியம். அப்ப குயிலும் பொய்தானே?

— சொறி அங்கிள். கனடாவில குயிலுக்கு சான்ஸே இல்லை.

— முடிஞ்சுது. பெரிய பெட்டி கட்டிலுக்குக் கீழயோ, அலுமாரிக்கு மேலயோ?

— சிறீ, நில். அவ என்ர போனைத்தான் பாத்தவ. இன்னும் காது குடுக்கேல்லை. பிள்ளை, ஒரு பத்து நிமிசம். உந்தக் கதிரையில அசையாம இருங்கோ. ஆள் நடமாட்டம் எண்டால் அது வாய் திறக்காது. சிறீ, நீயும் வாயை மூடு, ஏலுமெண்டால்.

— நான் எப்ப கதைச்சனான்?

— இப்ப.

— நீங்கள் கேட்டீங்கள், அதுக்கு நான்...

— ரெண்டு பேரும் பிளீஸ், ஷ்ஷ்.

— கூ. கூ. கூவூ.

— அத்தான், உங்களைத்தான். வாயை மூடுங்கோ.

— என்ர பல்லுச் செற் மேசையில கிடக்கு, பார். நீ சந்தேகப்படுவாய் எண்டு முதலே கழட்டி வச்சிட்டன்.

— கூ. கூ. கூவூ.

— ஓ மை காட். அங்கிள், அங்க பாருங்கோ. சுவரில காத்துப் போற ஓட்டைக்கு மேல. கறுப்பு உடம்பு, புள்ளி புள்ளியா, மஞ்சள் சொண்டு. தொண்டை ஆடுது, தெரியுதா?

— தெரியுது. அப்ப உது என்ன பறவை, பிள்ளை?

— ஸ்டார்லிங், அங்கிள், உங்கட மைனாவுக்குச் சொந்தம். குப்பைத்தொட்டிக்கு மேல, பஸ் ஸ்டொப்பில, எங்க பாத்தாலும் நிக்கும். டொரன்டோவில அதைவிடச் சாதாரணப் பறவை இல்லை. ஆனா கேட்ட சத்தத்தைக் கொப்பி பண்ணும். கார் அலாம், போன் றிங், எல்லாம். பட் இது குயிலை எங்க கேட்டிருக்கும்? இந்தப் பக்கத்தில, லைக், ஆரோ ஒராள் குயில் மாதிரிக் கூப்பிட்டிருக்கோணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. திரும்பத் திரும்ப, கன நாள். அங்கிள்? 

— அக்கா.

— ஆர் அங்கிள்?

— தங்கச்சி, என்ர அக்கா. இவரின்ர மனிசி, தவமணி. இந்த மனுசன் கடைக்குப் போய் வந்தாரெண்டால் நேர மேல வரமாட்டார். கார் பார்க்கில ஆரையாவது பிடிச்சுக் கதைச்சுக்கொண்டு நிப்பார். இஞ்ச தேத்தண்ணி ஆறும். அவ புருசன்ர பேரை ஒருநாளும் வாயால சொன்னதில்லை, அந்தக் காலத்து ஆள். அதால பல்கனியில வந்து நிண்டு இப்பிடித்தான் கூவுவா. கலியாணம் முடிச்ச புதுசில ஊரிலயும் இதே கூப்பிடுகைதான். நான் பக்கத்தில நிண்டு பதிலுக்குக் கூவிப் பழிச்சு, அகப்பைக் காம்பால வாங்கியிருக்கிறன். கடைசிக் கூ கொஞ்சம் இழுபடும். கோவமெண்டால் இன்னும் இழுபடும்.

— இண்டைக்குக் கோவமில்லை.

— கூ. கூ. கூவூ.

— ஹலோ, மயூரி. மாமா கதைக்கிறன். ஓம், பாத்தனான். இல்லைப் பிள்ளை, அப்பா வரேல்லை. நான்தான் விட்டிட்டு வாறன். ஓம், கேட்டனான், என்ர காதால கேட்டனான். கொப்பருக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை வா, வந்து நீயே கேள். நான் ஏன் அழப்போறன்? தடிமன், மூக்கடைப்பு. வையன் போனை.

— அங்கிள், ஒண்டு கேக்கலாமா? நான் இதைக் குயில் எண்டு பதியேலாது, ஸ்டார்லிங் எண்டுதான் மாத்தோணும். பட், உங்களுக்கு இது அன்ரியின்ர சத்தம் எண்டு முதலே தெரியும், இல்லையா?

— கேட்ட முதல் நாளே தெரியும்.

— அப்ப ஏன் குயில் எண்டு போட்டனீங்கள்?

— உங்கட லிஸ்டில மேலயிருந்து கீழ ஒண்டும் விடாமத் தேடிப் பாத்தனான், பிள்ளை. தவமணி எண்டு ஒரு பறவையும் இல்லை.