பால்கனிக்குப் பதினாலு கம்பி

— பால்கனிப் படத்துல பதினாலு கம்பின்னு நான் திருத்தித்தான் போட்டேன், சுடலைக்கண்ணு அண்ணாச்சி. இதோ, கம்ப்யூட்டர்ல நோக்குங்க.

— நோக்கிட்டேன், ராகேலு. ஆனா பழவங்காடிக் கடையில அச்சடிச்ச தாள்ல பத்துதான இருக்கு! அதைப் பார்த்துக் கம்பி கட்டி, நேத்து கான்கிரீட்டும் போட்டாச்சு. இப்போ ஸ்ரீவராகம் சைட்டுல அந்தப் பால்கனியை இடிச்சுக்கிட்டு நிக்கானுவ.

— எஞ்சினியர் ஸார் என்ன சொன்னார்?

— பழைய படத்தை அச்சடிச்சுட்டேனாம். திங்கக்கிழமையில இருந்து மேஸ்திரி வேலைக்கு வராண்டாம்னுட்டாரு. இருவது வருசம் அவர்கூட நின்னவன்மா நான். அதான் கேட்டுப் போவோம்னு வந்தேன். நீ படம் போட்டுத் தந்த பென்டிரைவ் என் சட்டைப்பையிலதான் இருந்துது. உள்ள இருந்த படம் எப்படி மாறும்?

— கொடுங்க, பார்க்கட்டு... மாறல்ல, அண்ணாச்சி. புதுசு இதுல வந்து சேரவே இல்ல. முன்னாடி போட்ட பழைய படம் அப்படியே கிடக்கு.

— "முடிஞ்சுது"ன்னு திரையில வந்துட்டுன்னு நீதான சொன்னே? மிஷின் பொய் சொல்லுமா?

— பொய்ன்னு சொல்ல முடியாது. பென்டிரைவ்ல எழுத நேரம் ஆகும். அதனால கம்ப்யூட்டர் படத்தைத் தன் நினைவுல வாங்கி வச்சுக்கிட்டு, நம்மகிட்ட முடிஞ்சுதுன்னு சொல்லிரும். பின்ன சாவகாசமா எழுதும்.

— ஓகோ! செங்கல்லை வாசல்ல இறக்கினதும் லாரிக்காரன் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருதாம்லா, அது மாதிரி. மாடிக்கு ஏத்துதது பொறவு.

— அதேதான். ஏத்துததுக்குள்ள பென்டிரைவைப் பிடுங்கிட்டா, சரக்கு வாசலோட போச்சு.

— அப்போ எழுதி முடிச்சாச்சான்னு எப்படித் தெரியும்?

— திரையில கீழ ஓரத்துல ஒரு சின்னப் படம் இருக்கு. அதை அமுக்கி, எடுக்கப் போறேன்னு சொல்லணும். பாக்கியெல்லாம் எழுதிட்டு, இனி எடுக்கலாம்னு அதுவே பதில் சொல்லும். பிறகுதான் தொடணும்.

— கெட்டிக்கார மிஷின்தான். அன்னைக்கு அந்தப் பதில் வந்துதா?

— நீங்க பஸ் போயிரும், பஸ் போயிரும்னு நின்னீங்க அல்லே? அவசரத்துல சட்டுன்னு பிடுங்கியிருப்பீங்க.

— நானா? அந்தக் குச்சியை எங்க சொருகுதாங்கன்னே இன்னைக்குத்தான் பார்க்கேன். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ன என் கையில நீதானம்மா கொண்டு வந்து வச்சே.

— ஆமா, அண்ணாச்சி. பதில் வர்றதுக்குள்ள நான்தான் பிடுங்கினேன்.

— சரி விடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு வேலை கிடைச்சு மூணு மாசம்கூட ஆகல்ல. எனக்குன்னா எங்கயாவது ஒரு கட்டடம் இருக்கும்.

— உங்க போனை இப்படித் தாங்க, அண்ணாச்சி. ஸார்கிட்ட நான் பேசணும்.