டிவிக்குள் இருந்த பந்து

பழனி பஸ். எனக்கு முன் சீட்டில் கணவரை ஜன்னலோரம் உட்கார வைத்த ஒரு அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்:

“இவரு நேத்து டிவிக்குள்ள இருந்த பந்தை அடிச்சுப்புட்டாருக்கா.”

“என்னத்தா உளறுற?”

“பக்கவாதத்துல வலது கை விழுந்துருச்சுல்ல. ஆஸ்பத்திரில கையில ஒரு குச்சியக் குடுத்து வீசச் சொல்றாக. இவரு வீசுனா டிவில மட்டை வீசுது.”

“விளையாண்டா கை வந்துருமாக்கும்?”

“இடது கையில விபூதி வாங்க மாட்டேன்னு ஒரு வருசமா மலைக்கே வரல. இன்னைக்கு வாராருல்ல!”

பின்னால் எவனோ சிரித்தான். எனக்கு அவன் பல்லைத் தட்டலாம் போலிருந்தது.

கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். அந்த அம்மா கையை நீட்டினார்.

“ஏய், நீ சும்மா இரு” என்று கணவர் அதட்டினார். அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. கண்டக்டர் அசையாமல் நின்றார். இரண்டு விரல்கள் டிக்கெட்டைப் பற்றின.

“விடுப்பா, பிடிச்சுட்டேன்.”