மூன்று காவலர்கள் இருந்த வீடு

தம் உரையைச் சுருக்கி என் உரைக்கு இடம்விட்ட சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்து அமர்ந்திருக்கும் முதியோரே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியை மடியில் மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைய தலைமுறையே! எல்லோருக்கும் என் வணக்கம்.

'வீட்டுக் கணினியும் பாதுகாப்பு மென்பொருளும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்த அம்மாவுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். வரும் வண்டியை அறிவித்தேன். போகும் வண்டியை அறிவித்தேன். ஊரார் பிள்ளைகளை வழியனுப்பிய இதே குரல்தான் என் பிள்ளைகள் மூவரையும் வழியனுப்பியது. போன வண்டிகளெல்லாம் திரும்பி வந்தன. பிள்ளைகள் விடுமுறைக்கு மட்டும் வந்தார்கள்.

அன்பர்களே! விடுமுறைக்கு வந்த பிள்ளை என்ன செய்வான்? சாப்பிடுவான், தூங்குவான், கிளம்புகிற அன்று அப்பாவின் கணினியைத் திறந்து, "என்னப்பா இது, பாதுகாப்பே இல்லாம வச்சிருக்கீங்க?" என்று தலையில் அடித்துக்கொள்வான். எங்கள் பெரியவன் அப்படித்தான் ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனான். அடுத்து வந்த மகள், "அண்ணன் போட்டதெல்லாம் ஒரு பாதுகாப்பா?" என்று தன் பங்குக்கு ஒன்றைப் போட்டாள். சின்னவன் சும்மா இருப்பானா? "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாதுப்பா" என்று அவனும் ஒன்றைப் போட்டான். ஒரே கணினிக்கு மூன்று காவலர்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். வீட்டுக்குப் போய் உங்கள் கணினியிலும் எண்ணிப் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் காலையில் கணினியைத் திறந்ததும், திரையின் மூலையில் மகள் போட்ட மென்பொருள் எட்டிப் பார்த்து, 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று சொல்லும். இவர் முகம் மலர்ந்து, "இருக்கேம்மா. நீ எப்படி இருக்கே?" என்பார். சின்னவனுடையது வரும். "இருக்கேன்டா. நீ எப்படி இருக்கே?" என்பார். பெரியவனுடையதோ காலம் முடிந்து கிடந்தது. சிவப்பு எழுத்தில், 'உடனே புதுப்பிக்கவும்' என்று மிரட்டும். "பெரியவன் கோவமா இருக்கான். அப்புறம் சரியாயிடுவான்" என்று சொல்லி மெல்ல மூடிவிடுவார். புதுப்பிக்கவும் மாட்டார், நீக்கவும் மாட்டார். நான் தேநீர்க் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

கணினி நடை தளர்ந்தது. பிறகு தவழ்ந்தது. பிறகு படுத்தே விட்டது.

அந்த நேரத்தில்தான் தூர தேசத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவ்வளவு தூரம் பயணம் போக எங்கள் உடம்பில் தெம்பில்லை. பேத்தியைப் பார்க்க எங்களுக்கிருந்த ஒரே வழி அந்தத் திரைதான். மகள் அழைத்தாள். "தாத்தாவைப் பாருடா கண்ணு" என்ற குரல் வந்தது. ஒரு நெற்றி தெரிந்தது, மூடிய ஒரு சின்னக் கை தெரிந்தது, அத்தோடு படம் உறைந்துபோனது. என் வீட்டுக்காரர் அந்த நெற்றியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணாடித் திரையைத் தடவினால் பிள்ளையின் சூடு தெரியுமா, சொல்லுங்கள்!

மறுநாள் கணினி பழுதுபார்க்கும் பெண்ணை வரவழைத்தோம். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, மூணு காவக்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு நெனச்சு சோதனை போட்டுக்கிட்டே இருக்காங்க. அப்புறம் உங்களுக்கு எப்படி வேலை நடக்கும்? ஒண்ணு இருந்தா போதும். எதை வச்சுக்கலாம், சொல்லுங்க."

"எதைன்னு சொல்றது? மூணும் எங்க பிள்ளைங்க வச்சது" என்றார் இவர்.

நான்தான் குறுக்கே புகுந்தேன். "மூணையும் எடுத்துடும்மா. பேத்தி முகத்தைப் பாக்கணும்." கணினியோடு வந்த காவல் ஒன்று தூங்கிக் கிடப்பதாகவும், அதை எழுப்பிவிட்டு நாளும் புதுப்பித்துவந்தால் எங்களுக்குப் போதும் என்றும் அந்தப் பெண் சொன்னார். நீக்கி முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே அன்பர்களே, காவல் ஒன்று போதும்; அது கண்விழித்திருக்க வேண்டும்! காலாவதியான காவலை வைத்துக்கொண்டு கதவு பத்திரம் என்று நம்பலாமா? இலவசம் என்று இளித்துக்கொண்டு வரும் அறிவிப்பையெல்லாம் அழுத்தலாமா? தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியைத் திறந்து வையுங்கள். ஏற்கெனவே இருப்பதை நீக்காமல் இன்னொன்றைப் போடாதீர்கள். அவ்வளவுதான் தலைப்புக்கான பேச்சு. மீதி என் பேச்சு.

அன்று மாலையே மகள் அழைத்தாள். பேத்தியை முழுசாகப் பார்த்தோம்! கொட்டாவி விட்டாள், காலை உதைத்தாள், எங்களைப் பார்த்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு இவர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

ஆனால் மறுநாள் காலை கணினியைத் திறந்தார். மூலையில் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. காத்திருந்தார். "இன்னிக்கு யாருமே வரலியே" என்றார். வீடே வெறிச்சென்று இருந்தது.

எனக்கு வயிறெரிந்தது. ஆம், அவையோரே, பொறாமைதான்! பெட்டியிடம் நாள்தோறும் 'எப்படி இருக்கே' என்று கேட்ட மனிதர், பக்கத்தில் நின்ற என்னிடம் அதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று? பிள்ளைகளுக்காக அவர் ஏங்கினார். நான் பிள்ளைகளுக்காகவும் ஏங்கினேன், அவருக்காகவும் ஏங்கினேன். கோப்பையைக் கீழே வைத்தேன். ரயில் நிலையக் குரலை எடுத்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?"

திரும்பினார். "இருக்கேன். நீ எப்படி இருக்கே?" என்றார்.

எத்தனையோ வண்டிகளை அறிவித்த இந்தத் தொண்டைக்கு அன்று பதில் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

இளைய தலைமுறையே! பெற்றோரின் கணினிக்குக் காவல் போடுங்கள், நல்லதாக ஒன்றைப் போடுங்கள். ஆனால் நலம் விசாரிக்கும் வேலையை அதனிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்! அந்தக் கேள்வியை உங்கள் வாயால் கேளுங்கள், உங்கள் குரலில் கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருந்து கேளுங்கள்!

பேச வைத்த சங்கத்துக்கும், சிரித்தும் கலங்கியும் கேட்ட உங்களுக்கும் நன்றி. கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்திருக்கிறார். அன்று சொல்லாத பதிலை இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். விடைபெறுகிறேன், வணக்கம்.