குறைச்சா இரையுற லைட்டு

மத்தியானம் ரெண்டரை மணி. பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டுதானேன்னு கேக்காதீங்க, இது பட்டப்பகல்ல நடந்தது. ஊருக்கு வெளியில புதுசா போட்ட ரோடு. ரெண்டு பக்கமும் பாதியில நிக்குற வீடுங்க. ஈ காக்கா கிடையாது... ஒரே ஒரு வண்டி போகுது.

ஓட்டுறவரு என்கூட வேலை பாக்குறவனோட அக்கா வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியன். கைவேலை நல்லா இருக்கும், ஆனா கூப்பிட்டா வரமாட்டாரு. வீட்டுலயே அவரை 'நாளைக்கு அத்தான்'னுதான் கிண்டல் பண்ணுவாங்க.

அந்த ரோட்டுல கடைசி வீடு. மூணு வாரம் முன்னாடி அங்க ஒரு ரூமுக்கு லைட்டு மாத்திக் குடுத்திருந்தாரு. படுத்த படுக்கையா ஒரு அம்மா, கூட ஒரே பொண்ணு. அந்தம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துப் பேச்சும் போயிடுச்சு. வெளிச்சம் கண்ணு கூசும், இருட்டுன்னா பயம். அதனால குறைச்சு வைக்கிற மாதிரி நாலு எல்.ஈ.டி. கேட்டிருக்கு அந்தப் பொண்ணு. அத்தான் பல்பை மாத்துனாரு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க சுவத்துல இருந்த பழைய டிம்மரை மட்டும் மாத்தலை. அது குண்டு பல்புக்குச் செஞ்சது, எல்.ஈ.டி.க்கு ஒத்துவராது. அவருக்குத் தெரியாதா என்ன? கழட்ட வரலை, அப்படியே விட்டுட்டாரு.

அன்னைக்கு சாயங்காலமே போன். "அண்ணே, வெளிச்சத்தைக் குறைச்சா ஙொய்ய்னு இரையுது."

"அப்படித்தாம்மா இரையும். பழகிடும்."

"அதில்லண்ணே. அம்மாவுக்கு ஏதாவது வேணும்னா ம்ம்ம்னு முனகத்தான் முடியும். நான் பக்கத்து ரூம்ல படுக்குறேன். இரையுறது லைட்டா, கூப்பிடுறது அம்மாவான்னு தெரியமாட்டேங்குது."

அத்தான் சிரிச்சிருக்காரு. "ரெண்டு பேரும் ஒரே சுருதியா? நாளைக்கு வரேம்மா."

அஞ்சு தடவை போன் பண்ணிச்சு அந்தப் பொண்ணு. அஞ்சு தடவையும் நாளைக்கு. அப்புறம் போன் வரலை... ஒரு ராத்திரி அந்தம்மாவுக்குத் தொண்டையில சளி அடைச்சிருக்கு. விடியிற வரைக்கும் முனகியிருக்காங்க. பொண்ணு, லைட்டுதான்னு நினைச்சுப் புரண்டு படுத்துக்கிச்சு.

காரியமெல்லாம் முடிஞ்சு மறுபடி போன். "அண்ணே, லைட்டு இன்னும் இரையுது." அவ்வளவுதான். திட்டலை, அழலை. வாழ்க்கையில முதல் தடவையா அத்தான் சொன்ன நாள்ல போனாரு.

அந்தப் பொண்ணு கதவைத் திறந்து தண்ணி குடுத்துச்சு. ரூம்ல தைல வாசனை, ஈரத் துணி வாசனை. கட்டில்ல மெத்தை இல்லை. அத்தான் பழைய டிம்மரைப் பேத்து எடுத்து, புதுசு மாட்டி, நல்லாக் குறைச்சு வச்சுக் காதைக் குடுத்தாரு.

ம்ம்ம்...

ஒரு பல்பைக் கழட்டுனாரு. ம்ம்ம். ரெண்டு... மூணு... நாலையும் கழட்டிக் கட்டில் மேல வச்சாரு. இப்பவும் ம்ம்ம்... காதுக்குப் பக்கத்துல. கூடத்துக்கு ஓடி மெயினை அணைச்சாரு.

சத்தம் நின்னுச்சு. அத்தானோட மூச்சும் நின்னுச்சு. அப்படியே சரிஞ்சுட்டாரு. வாய் திறந்திருக்கு, நெஞ்சு ஏறலை, கண்ணு மட்டும் அந்தப் பொண்ணையே பாக்குது. அது கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சாம். அவசரமே படலை. உதடு நீலம் பாரிச்சப்புறம் மெதுவாப் போய் மெயினைப் போட்டுச்சாம். அத்தானுக்கு மூச்சு வந்துச்சு. மூச்சோட ம்ம்ம்னு முனகலும் வந்துச்சு... அந்தப் பொண்ணே அக்காகிட்ட இதைச் சொல்லி, ஒரு பை பழமும் குடுத்துட்டுப் போச்சு.

டாக்டர் பக்கவாதம்னுட்டாரு. வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள் தூங்கட்டும்னு அக்கா லைட்டை அணைச்சாங்க. மூச்சு நின்னுடுச்சு. போட்டாங்க, வந்துச்சு. அதுக்கப்புறம் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் வாங்கி வச்சு, ஏழு மாசமா அந்த ரூம்ல லைட்டு அணையவே இல்லை. பகலும் ராத்திரியும் ம்ம்ம். அக்கா காதுல பஞ்சு வச்சுப் பாத்தாங்க, டிவி சத்தம் கூட்டிப் பாத்தாங்க. முதல்ல பக்கத்துலயே உக்காந்து என்ன வேணும், என்ன வேணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. அப்புறம் கேக்குறதை விட்டுட்டாங்க.

யாருப்பா அது, கதை கேக்குறப்ப இந்த ரூம் லைட்டைக் குறைக்குறது? ...இருக்கட்டும், விடு.

போன வியாழக்கிழமை என்கூட வேலை பாக்குற அந்த பிரெண்டுக்கு அக்கா போன் பண்ணியிருக்காங்க. சும்மா பேசத்தான். பின்னாடி அந்த முனகல் கேட்டுட்டே இருந்துச்சாம். அக்கா எந்திரிச்சு நடக்குற சத்தம்... டக்குனு ஒரு சுவிட்ச் சத்தம்.

முனகல் நின்னுடுச்சு.

"அப்புறம், பசங்களுக்குப் பரீட்சை எப்படா?"ன்னு கேட்டாங்களாம் அக்கா. அவங்க கால் மணி நேரம் பேசிட்டே இருந்தாங்களாம்.