விமான நிலையத்திலிருந்து இருபது நிமிடம்

விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்தான். என் காரில் எப்போதும் நாலு பாட்டில் குளிர்ச்சியாக இருக்கும். பதினெட்டு வருடமாக விமான நிலையத்தில் டாக்சி ஓட்டுகிறேன். தண்ணீர் கொடுக்காமல் ஒருவரையும் கூட்டிப்போனதில்லை. அந்தப் பெரியவருக்கும் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. விமான நிலைய வாசல் சீட்டில் பன்னிரண்டு பத்து என்று இருக்கிறது. கடற்கரை ஓட்டலுக்குள் கார் நுழைந்தது ஒன்று ஐம்பத்தைந்துக்கு. இருபது நிமிட வழிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஏன் ஆனது? அவர் மகளிடம் டிராபிக் என்று சொன்னேன். உங்களிடம் அது எடுபடாது.

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் இருக்கிறது. நல்ல மனுஷன். லாட்ஜ்தான் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் தினமும் அதே பல்லவி: "எங்க அண்ணனுக்கு நாலு பேரைக் கொண்டுபோய் விட்டா உங்க காரு தேஞ்சா போயிடும்?" என்ன செய்வது, நானும் குடும்பஸ்தன். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களை அங்கே கொண்டுபோய் இறக்க ஆரம்பித்தேன்.

வேறு ஓட்டலில் அறை போட்டுவிட்டு வருகிறவரை எப்படித் திருப்புவது? அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. அந்த ஓட்டலில் தண்ணீர் வரவில்லை என்றால், பரவாயில்லை போ என்பார்கள். ரிப்பேர் வேலை என்றால், போய்ப் பார்க்கலாம் என்பார்கள். தீப்பிடித்துவிட்டது என்றால் யாரும் வாதாடுவதில்லை. ஆனால் போன வாரம் என்று சொல்லக்கூடாது. நேற்றுகூடப் பேசினேனே என்பார்கள். அதனால் எப்போதும் "இன்னிக்குக் காலையில". கூடவே "மேல்மாடி பூரா போச்சு" என்று ஓர் உச்சுக்கொட்டல். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, நாம் அங்கே இல்லை என்று மச்சான் லாட்ஜில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

பெரியவர் ஏறியதும் ஓட்டல் பெயரைச் சொன்னார். மேம்பாலம் ஏறும்போது நான் வழக்கம்போல என் தீப்பிடித்த பாட்டைப் பாடினேன். கண்ணாடியில் பார்த்தால், வாய்வரை கொண்டுபோன பாட்டிலை அப்படியே பிடித்திருந்தார்.

"தம்பி, என் பொண்ணு அங்கதான் இருக்கா. ஆபீஸ் வேலையா வந்து ஒரு மாசமாச்சு. நாலாவது மாடியில."

இதை ஏறும்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? தண்ணீர் வரவில்லை என்று முடித்திருப்பேன். அவர்மேல் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க சார். கவலைப்படாதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்றார்.

இங்கேதான் என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே தீக்காயத்தோடு யாரும் இல்லை. ஓட்டலுக்குப் போனால் அது ஒரு செங்கல் பெயராமல் ஜம்மென்று நிற்கிறது. மச்சான் லாட்ஜுக்கு வாருங்கள் என்று கூப்பிட எனக்கே மனம் வரவில்லை. சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாம்தான். ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் புகார் கொடுத்தால் விமான நிலையத்துக்குள் என் காரை விடமாட்டார்கள். அதனால் ஓட்டிக்கொண்டே இருந்தேன், ரிங் ரோட்டில் சுற்றிச் சுற்றி. நானும் மாட்டிக்கொண்டவன்தான் ஐயா. இரண்டு பேருமே அந்தக் காருக்குள் தவித்தோம்.

அவருடைய போன் இந்த ஊரில் வேலை செய்யவில்லை. என்னுடையதைக் கேட்டார். சார்ஜ் இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் அது என் சட்டைப்பையில் அடித்தது. மச்சான்தான், ஆள் வருகிறதா என்று கேட்க.

"தம்பி, உங்க போன் அடிக்குதே."

"அது அலாரம் சார்."

அதற்கப்புறம் அவர் போனைக் கேட்கவில்லை. என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "சின்ன வயசுலேருந்தே அவளுக்குப் புகைன்னா பயம் தம்பி. கொஞ்சம் வேகமாப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." பின்கதவுகளை நான் எப்போதும் பூட்டியே வைப்பேன், பாதுகாப்புக்காக. ஒரு சிக்னலில் நின்றபோது அவர் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலை இரண்டு முறை தாண்டினோம். முதல் முறை அவர் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முடியல தம்பி, இங்கயே நிறுத்துங்க" என்றார். அவர் முகம் வியர்த்துக் கொட்டியதைப் பார்த்தேன். அவசரச் சிகிச்சை என்ற சிவப்பு எழுத்தையும் பார்த்தேன். ஆனால் உள்ளே போனால் முதலில் மகளைத்தானே கேட்பார்? சிக்னல் பச்சையாக இருந்தது. போய்விட்டேன்.

அடுத்த சுற்றில், சீட்டைப் பிடித்திருந்த கை நழுவியது. ஓரமாக நிறுத்தி, சார், சார் என்று கூப்பிட்டேன். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். அதன்பிறகு கடற்கரை ஓட்டலுக்குப் போவதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை.

மகள் வாசல் படியிலேயே காத்துக்கொண்டிருந்தார். வழியில் மாரடைப்பு என்று சொன்னேன். ரொம்ப நேரம் அழுதார். கடைசியாக அப்பா என்ன பேசினார் என்று கேட்டார். "வழி பூரா உங்களைப் பத்தியேதான் பேசிட்டு வந்தாரும்மா" என்றேன். பாருங்கள், அது பொய்யில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அவ்வளவுதான். படித்துக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நாளைக் காலை பதினோரு மணிக்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது. விஷயம் தெரிந்து அந்தப் பெண்ணுடைய அம்மா அந்த நேரத்து விமானத்தில் வருகிறாராம். ஓட்டலுக்குக் கூட்டிவர என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். பாவம், வயதானவர், ஊர் தெரியாதவர். இந்த மாதிரி சமயத்தில் நம்பிக்கையான ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டாமா?