பட்டன் அக்கரையில், காஜா இக்கரையில்

துக்கத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பாலத்தைக் கடந்து அக்கரை நாட்டிலிருந்து வந்திருக்கும் பட்டன் ஆலைச் சங்கத் தலைவி அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அக்கா அவர்களே, தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்த தோழர்களே, நிறுத்த மறந்துவிட்டு வந்த தோழர்களே! உங்கள் கட்டிங் மாஸ்டரின் கண்ணீர் வணக்கம்.

நம் சட்டைத் தயாரிப்பாளர் சங்கத்தின் செயலாளர் மறைந்துவிட்டார். மேடைத் தமிழுக்காக 'பொத்தான் ஐயா' என்றுதான் எழுதி வந்தேன். ஆனால் அப்படிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். நமக்கு அவர் பட்டன் ஐயா. அந்த பட்டன் ஐயா போய்விட்டார்! போன கையோடு வாசலில் ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. "இனிமே அக்கரைப் பட்டன் எதுக்கு? பழையபடி நாமளே செஞ்சுக்கலாம்." நாளைய பொதுக்குழுவில் இதுதான் தீர்மானமாம். வரட்டும். அதற்கு முன் இந்த மாஸ்டர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு காலத்தில் பட்டனையும் நாமே செய்தோம். அக்கரைக்காரர்களைவிட வேகமாகச் செய்தோம். அம்மையார் கோபிக்கக் கூடாது, சட்டையையும் அவர்களைவிட வேகமாகத் தைத்தோம். அப்படி இருக்கும்போதுதான் ஐயா இதே மேடையில் ஏறி, பட்டன் பட்டறையை மூடிவிட்டு அவர்களிடம் வாங்கலாம் என்றார். விட்டுவிடுவார்களா? "ரெண்டுலயும் நாமதான் கெட்டி. அவங்ககிட்ட எதுக்குக் கை நீட்டணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. யார் குரல்? பட்டறையின் மேஸ்திரி. ஐயாவின் சொந்த மச்சான்! ஐயாவின் மனைவி, நம் அக்காவின் உடன்பிறந்த தம்பி!

ஐயா அசரவில்லை. "மச்சான், ஒரு பெட்டி பட்டன் செய்ய நமக்கு ஒரு நாள். அந்த ஒரு நாள்ல எத்தனை சட்டை தைப்போம்?"

"எட்டு."

"அவங்களுக்கு ஒரு பெட்டிக்கு ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள்ல அவங்க எத்தனை சட்டை தைப்பாங்க?"

"அவங்க தைக்கிற அழகுக்கு ரெண்டு தேறினா பெருசு."

"அப்போ ஒரு பெட்டி பட்டனுக்காக நாம எட்டுச் சட்டையை விடுறோம், அவங்க ரெண்டைத்தான் விடுறாங்க. அஞ்சு சட்டை குடுத்து ஒரு பெட்டி வாங்கினா நமக்கு மூணு மிச்சம், அவங்களுக்கும் மூணு மிச்சம். இந்த ஆறு சட்டையை யார்கிட்ட திருடினோம், சொல்லு?"

மண்டபமே அடங்கிப்போனது. ஒத்துக்கொண்டதால் அல்ல. எல்லாரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதே கணக்கை ஐயா வீட்டிலும் அவிழ்த்துவிட்டார். "சமையலும் உன்னைவிட நான் நல்லாப் பண்ணுவேன், பாத்திரமும் உன்னைவிட நான் நல்லாக் கழுவுவேன். ஆனாலும்..." என்று தொடங்கினாராம். தத்துவம் முழுக்க அந்த 'ஆனாலும்' என்பதற்குப் பிறகுதான் இருந்தது. அக்கா அதுவரை காத்திருக்கவில்லை. "அப்போ ரெண்டையும் நீங்களே பண்ணுங்க" என்று எழுந்து போய்விட்டார். கடைசிவரை சமைத்ததும் ஐயா, கழுவியதும் ஐயா! இரண்டு நாடுகளை இணங்க வைத்தவருக்கு ஒரு சமையலறை இணங்கவில்லையே! அக்கா சிரிக்கிறார். சிரியுங்கள் அக்கா, அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

பட்டறை மூடப்பட்டது. மச்சான் அன்றோடு ஐயாவிடம் பேச்சை நிறுத்தினார். "என் உடம்புல அக்கரைப் பட்டன் ஏறாது" என்று சபதமும் போட்டார்.

முதல் சுமை வந்தது. அங்கேதான் ஐயா கோட்டை விட்டார். பட்டனின் அளவைக் கேட்டவர்களுக்கு, பட்டன் நுழைகிற துளையின் அளவை, நம் தொழிலில் சொல்கிற காஜாவின் அளவை, எழுதி அனுப்பிவிட்டார். காஜா ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டாமா? இரண்டும் ஒரே அளவு! அழுத்தினால் பட்டன் உள்ளே போகும், திரும்பி வராது. விழாவுக்கு வந்த அமைச்சர் முதல் சட்டையை மேடையிலேயே ஆசையாகப் போட்டுக்கொண்டார். பிறகு கழற்றப் பார்த்தார். உதவியாளர் இழுத்தார், நான் இழுத்தேன், அமைச்சரின் முகம் சிவந்ததுதான் மிச்சம். கறுப்புக்கொடியோடு வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த மச்சான்தான் கொடியைக் கீழே வைத்துவிட்டு, கத்தரிக்கோலோடு மேடையேறி, ஒவ்வொரு காஜாவாக நறுக்கி அமைச்சரை விடுவித்தார். பிறகு பக்கத்திலேயே நின்ற ஐயாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "பட்டன் வேற காஜா வேறன்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க. மிச்சமான மூணு சட்டையில ஒண்ணாவது எங்க ஆளுங்க முதுகுல ஏறுச்சான்னும் கேளுங்க."

ஐயாவின் முகம் வாடிவிட்டது. கணக்கில் பிழையில்லை. ஆனால் லாபம் ஒரு தெருவுக்கும் நஷ்டம் இன்னொரு தெருவுக்கும் போயிருந்தது. அந்த வாரமே, வந்த லாபத்தைக் கொண்டு, மூடிய பட்டறையில் காஜா பிரிவைத் திறந்தார். பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை, மச்சானே மேஸ்திரி. மச்சான் வேலைக்கு வந்தார், பேச்சுக்கு வரவில்லை. "மெஷினுக்கு எண்ணெய் வேணும்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க." "வாங்கித் தரேன்னு மச்சான்கிட்ட சொல்லுங்க." வருடக்கணக்கில் இருவருக்கும் வர்த்தகம் மூன்றாம் நாடு வழியாகவே நடந்தது. அந்த மூன்றாம் நாடு நான்தான்!

தோழர்களே, ஐயாவைக் கடைசிப் பயணத்துக்கு உடுத்தும்போது பார்த்தோம், சட்டையில் கழுத்துப் பட்டன் இல்லை. லாரி லாரியாகப் பட்டன் இறக்கியவர் வீட்டில் தேடினால் ஒரு பட்டன் கிடையாது! மச்சான் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். பழைய பட்டறையில் அவரே செய்த தடிமனான பட்டன். தைத்தார். நுழையவில்லை. நுழையுமா? அக்கரையின் மெல்லிய பட்டனுக்காக அவரே எடுத்த காஜா அல்லவா அது! பிறகு அதைப் பிரித்தெடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, தன் சட்டையிலிருந்தே ஒரு பட்டனை அறுத்துத் தைத்தார். அது வழுக்கிக்கொண்டு நுழைந்தது. எப்போதிருந்து அக்கரைப் பட்டன் போடுகிறார் என்று நான் கேட்கவில்லை. காலரை நீவிவிட்டு அவர் சொன்னார்: "இப்ப சரியா இருக்கு, மாமா."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஐயாவைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் நாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. நான் வெளியே வந்து அழுதேன்.

ஐயா, உங்கள் மேல் ஆணை! காஜா நாங்கள் எடுப்போம், பட்டன் பாலத்தைத் தாண்டி வரும், வருகிற லாபத்தில் வேலை இழந்தவருக்கே முதல் பங்கு. நாளை நான் கொண்டுவரும் தீர்மானம் இது. வழிமொழிவது யார் என்று கேட்பீர்கள். அதோ, மூன்றாம் வரிசையில் மச்சான் கை தூக்குகிறார், பாருங்கள்!

அம்மையார் அவர்களே, அடுத்த சுமையில் ஒரு பட்டன் கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள். இங்கே ஒருவர் நெஞ்சைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறார்.